பாலத்தில் நின்று பாடியது போதும்

பாட்டு தொடங்குகிறது. ட்ரோன் மேலே எழும்புகிறது. கீழே வாவி, கண்டல், பழைய இரும்புப் பாலம். பிறகு ஒரு பொடியன் பாலத்துக் கம்பியில் கை வைத்துத் தூரத்தைப் பார்க்கிறான். ஸ்லோ மோஷனில் முடி பறக்கிறது. அவனுக்குக் காதல் தோல்வி. யாரைக் காதலித்தான், ஏன் தோற்றான், இனி என்ன செய்யப்போகிறான், ஒன்றும் தெரியாது. நான்கு நிமிடம் கழித்து அதே ட்ரோன், அதே வாவி, சூரியன் மறைகிறது. 'எ ஃபிலிம் பை' என்று எழுத்து விழுகிறது.

எங்கள் பக்கத்து மாணவர்கள் எடுக்கிற பாட்டு வீடியோக்களில் நாங்கள் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான். நாங்கள் எடுத்த முதல் வீடியோவும் இதேதான், அதனால் மேட்டில் ஏறி நின்று பேசவில்லை. ஆனால் 'மாணவர் முயற்சி, பாராட்டுவோம்' என்று சொல்லிவிட்டுப் போக இனி எங்களுக்கு மனமில்லை. பிரச்சினை கமராவில் இல்லை, இன்றைக்கு ஒரு சாதாரண போனே போதும். கமராவைத் தூக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் நடக்கவில்லை. லொகேஷன் யோசித்திருக்கிறார்கள். கதையை யோசிக்கவில்லை.

போன லீவில் ஏ.எல். படிக்கிற நான்கு பேர் ஒரு கொப்பியோடு எங்களிடம் வந்தார்கள். கொப்பி நிறைய ஷாட் எழுதியிருந்தது. நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "உங்கட ஆள் என்னத்துக்குப் பாலத்துக்குப் போறான்?"

"சும்மாதான் காக்கா. வியூ நல்லா இரிக்கும்."

அந்த 'சும்மா'வோடுதான் எங்களுக்குச் சண்டை.

ஓட்டமாவடிப் பாலத்துக்கு யாரும் சும்மா போனதில்லை. 2010இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கும்வரை, ரயிலும் பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் அந்த ஒரே இரும்புப் பாலத்தால்தான் போயின. ரயில் வந்தால் மற்றதெல்லாம் நிற்கவேண்டும். நெல் ஏற்றினவன், ஆஸ்பத்திரிக்குப் போனவன், கொழும்புக்குக் கிளம்பினவன் எல்லோரும் அந்த வரிசையில் காத்திருந்திருக்கிறார்கள். யுத்த காலத்தில் அந்தப் பாதையில் போவதென்றால் என்னவென்று உங்கள் வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நூறு பேருக்கு நூறு காரணம் இருந்த இடத்தில், நம்முடைய ஹீரோவுக்கு மட்டும் ஒரு காரணமும் இல்லை. அவன் நிற்கிற இடம் சென்னையில் ஒரு பாலமாக இருந்தாலும் அந்தப் பாட்டு மாறாது. அப்படியென்றால் அது நம்முடைய பாட்டா?

இடம் அழகாக இருப்பது குற்றமில்லை. 1996இல் மைக்கல் ஜாக்சனின் 'தே டோன்ட் கேர் அபௌட் அஸ்' பாட்டுக்கு இயக்குநர் ஸ்பைக் லீ பிரேசிலுக்குப் போனார். ரியோ நகரத்தின் டோனா மார்டா சேரியில் படம் எடுக்கப் போனபோது, ஊரின் வறுமை வெளியே தெரிந்துவிடும் என்று அங்குள்ள அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். சல்வடோர் நகரத்தில் ஒலோடும் என்ற மேளக் குழு தெருவில் இறங்கி வாசித்தது. அந்த மேளம் பாட்டுக்குள்ளேயே ஒலிக்கிறது. எங்களைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிற பாட்டு, யாரைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லையோ அவர்களுடைய தெருவில் நிற்கிறது. பாட்டின் பொருளும் இடமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. உலகப் புகழ் பெற்ற பாடகனுக்கே அந்த இடத்துக்குப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. நமக்குத் தேவையில்லையா?

காதல் தோல்வியை விட்டால் நம்மிடம் இருக்கிற அடுத்த கதை 'ஒற்றுமை'. ஒரு தொப்பி, ஒரு திருநீறு, ஒரு சிலுவை, ஒரு பிரித் நூல். நான்கு கைகள் ஒன்றின்மேல் ஒன்று. பின்னால் கொடி. பாடசாலை விழாவில் கைதட்டு கிடைக்கும். ஆனால் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் வாழ்கிற எவருக்கும் தெரியும், நாங்கள் அப்படிக் கைமேல் கை வைத்து வாழ்வதில்லை. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், விலைக்குச் சண்டை பிடிக்கிறோம். 1990ஐப் பற்றி அவர்கள் வீட்டில் ஒரு கதை, எங்கள் வீட்டில் ஒரு கதை. ஒருவர் கதையை மற்றவர் முன்னால் சொல்வதில்லை. அதையெல்லாம் மறைத்துவிட்டு எடுக்கிற ஒற்றுமையை யார் நம்புவது? ஒரு தமிழ்ப் பொடியனும் ஒரு முஸ்லிம் பொடியனும் ஒரே ரியூசனுக்குப் போய், வகுப்பு முடிந்ததும் எந்தச் சந்தியில் பிரிந்து போகிறார்கள் என்பதை மட்டும் காட்டுங்கள். கை கோர்க்கத் தேவையில்லை.

மூன்றாவது கதையைத் தொட எங்களுக்கே தயக்கம். ஆனாலும் சொல்லவேண்டும். 2020இல் கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்கவேண்டும் என்றது அரசு. ஒரு வருடம் வரை ஜனாஸாக்களை எரித்தார்கள், பிறந்து இருபது நாளான பிள்ளை உட்பட. பிறகு அடக்கம் செய்ய அனுமதி வந்தபோது, 2021 மார்ச் 5ஆம் திகதி எங்கள் சூடுபத்தினசேனை மஜ்மா நகரில்தான் முதல் குழி மூடப்பட்டது. அடுத்த ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள், முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா இனத்தவரும். அதுவரை ஓட்டமாவடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் அதன் பிறகு எங்கள் ஊர் தெரிந்தது.

இப்போது அந்த மையவாடியின் மேலாலும் ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறார்கள். சோகமான பாட்டுக்குச் சோகமான வியூ. இதை நாங்கள் வெறுக்கிறோம், ஒளிக்காமல் சொல்கிறோம். கபுறுகள் யாருடைய பாட்டுக்கும் பின்னணி இல்லை. அந்தக் கதையைச் சொல்லவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் மேலே இருந்து பார்த்தால் வரிசைதான் தெரியும், ஆள் தெரியாது. எங்கோ தொலைவிலிருந்து தன் வாப்பாவின் கபுறைத் தேடி ஒரு நாள் மட்டும் வந்து போகிற ஒருவனின் கதையாக அது இருக்கட்டும். அவன் பஸ்ஸால் இறங்குவதிலிருந்து தொடங்குங்கள். அவனுக்கு வழி காட்டுகிற கடைக்காரரைக் காட்டுங்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்காமல் ஒரு பெயர்ப் பலகையையும் படம் எடுக்காதீர்கள்.

அந்த முதல் அடக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து, 2021 மார்ச் 7இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. நாம் எல்லோரும் ஆடினோம். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? அறிவு தன்னுடைய பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து எடுத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பவேண்டி வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. நம்முடைய நாட்டுக் கதை, ஒரு மூதாட்டியின் வாயிலிருந்து எழும்பி உலகம் முழுக்கப் போனது. நம்முடைய வீடுகளிலும் மூத்தம்மாக்கள் இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை. அதே வருடம் ஓகஸ்டில் ஒரு சஞ்சிகை அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், எழுதிப் பாடிய அறிவு இல்லை. அதனால் பெரிய வாதம் கிளம்பியது. அதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது: யாருடைய கதையை எடுக்கிறீர்களோ அவருடைய பெயரை முதலில் எழுதுங்கள். 'எ ஃபிலிம் பை' பிறகு வரலாம்.

அடுத்தது பெண்கள். நம்முடைய பாட்டில் 'அவள்' இருக்கிறாள், படத்தில் இல்லை. ஊரில் எந்தப் பிள்ளையும் நடிக்க வரமாட்டாள், வந்தால் வீட்டுக்குப் பிரச்சினை. ஆகவே ஒரு கறுப்பு நிழல், ஒரு வளையல் கை, பின்பக்கம் திரும்பிய ஒரு துப்பட்டா. இந்த ஏமாற்று எதற்கு? அவள் ஏன் படத்தில் இல்லை என்பதே கதையாகலாமே. எங்கள் ஊர்களிலிருந்து எத்தனை உம்மாமார் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்! அந்த வீடுகளில் பிள்ளைகள் உம்மாவை வளர்ந்து வருடக்கணக்காய்க் குரலாக மட்டும்தான் அறிந்திருக்கிறார்கள். படத்தில் இல்லாத பெண் என்றால் அவவை விட உண்மையானவர் யார்?

கமராவுக்கு முன்னால் நிற்க முடியாத பிள்ளைகள் கதை எழுதலாம், எடிட் பண்ணலாம், எதை வெட்டுவது என்று முடிவெடுக்கலாம். அதற்கு எந்த உம்மாவும் வாப்பாவும் தடை சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. தடை எங்கள் பொடியன்களின் வட்ஸ்அப் குறூப்பில்தான் இருக்கிறது.

கதை சொல்வது நமக்குப் புதிதில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் கவிகளைக் கேட்டுப் பாருங்கள். வயல் காவல் பரணில் இருக்கிற மச்சானும் வீட்டில் இருக்கிற மச்சியும் நாலே வரியில் பேசிக்கொள்வார்கள். யார், எங்கே, என்ன வேலை, என்ன தடை எல்லாம் அதில் வந்துவிடும். இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் அப்படித்தான். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிற ஒரு பொடியன், அவ்வளவுதான் கதை. இன்றைக்கும் கலியாண வீட்டில் பாடுகிறோம்.

கதையே கிடைக்கவில்லையா? அதுவும் பரவாயில்லை. 2021இல் யொஹானி 'மெனிகே மகே ஹிதே' பாடினபோது கடலும் இல்லை, மலையும் இல்லை, ட்ரோனும் இல்லை. உள்ளே இருந்து மைக்குக்கு முன்னால் பாடினார். உலகம் கேட்டது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது அறையில் உட்கார்ந்து நல்லாகப் பாடுவது மரியாதையான வேலை.

சொல்ல இருக்கிறது என்றால் இப்படித் திட்டமிடுங்கள். அந்த நான்கு பேரோடு நாங்கள் இருந்து செய்தது இதுதான். முதலில் ஷாட் எழுதிய கொப்பியை மூடினோம். பாட்டு யாருடைய குரல் என்று கேட்டோம். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவன் சொன்னான், "எங்கட உம்மா சவூதில. நாலு வருசம்." காதல் பாட்டென்று அவர்கள் எழுதியிருந்த வரிகளில் பாதி உம்மாவுக்கு அப்படியே பொருந்தின.

பிறகு ஒரு தாளை நடுவால் கோடு போட்டு, இடப்பக்கம் பாட்டு வரி, வலப்பக்கம் படம் என்று எழுதினோம். ஒரே சட்டம்: வரி சொல்வதைப் படம் திருப்பிச் சொல்லக்கூடாது. வரியில் கண்ணீர் என்றால் படத்தில் கண்ணீர் வேண்டாம், அவன் தங்கச்சிக்குத் தலை பின்னிவிடத் தெரியாமல் தடுமாறட்டும்.

பாலம் போகவில்லை. மூன்று தரம் வருகிறது. முதல் தரம் உம்மாவை ஏற்றிய வேன் கட்டுநாயக்காவுக்குப் போக அதைக் கடக்கிறது. இரண்டாம் தரம் அவன் சைக்கிளில் கடக்கிறான், நாவலடிச் சந்தியில் ஒரு கடையில் வேலைக்கு. பள்ளிக்கூடச் சேட்டுத்தான் இன்னும் போட்டிருக்கிறான். மூன்றாம் தரம் வேன் திரும்பி வருகிறது, அவன் உள்ளே இருக்கிறான். கமரா அவன் முகத்தில் மட்டும். உம்மா கேட்கிற ஒரு வசனம்: "இவ்வளவு வளந்திட்டியா மனே?" யாரும் பாலத்தில் நிற்கவில்லை. எல்லோரும் எங்கோ போகிறார்கள்.

எங்களுக்கு எதிராக மூன்று கதை வரும், தெரியும். இசையே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் நம் வீடுகளில் முடியாத விவாதம், இங்கே நாங்கள் தீர்க்கப்போவதில்லை. ஆனால் கூடாது என்று சொல்கிறவர் கேட்டாலும் வெட்கப்படாமல் காட்டக்கூடிய கதையாக நம்முடையது இருக்கவேண்டும். 'ஜொலிக்கு எடுக்கிற வீடியோ, ஏன் இவ்வளவு சீரியஸ்' என்பார்கள். ஜொலியாகவே எடுங்கள். ரியூசனுக்குக் கட் அடித்து இறால் பிடிக்கப் போய் மாட்டுப்பட்ட கதை ஜொலியில்லையா? சோகக் கதைகளுக்காக நாங்கள் வாதாடவில்லை. மூன்றாவது, 'இதையெல்லாம் யார் பார்ப்பான், வியூஸ் வராது' என்பது. பத்துப் பேர் எடுத்த அதே பாலத்து வீடியோவுக்கு எவ்வளவு வியூஸ் வந்தது என்று முதலில் பாருங்கள். பிறகு பேசலாம்.

அந்த வீடியோ இன்னும் முடியவில்லை. பாட்டை எழுதினவனின் உம்மா வொய்ஸ் மெசேஜில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறா: தங்கச்சிக்குத் தலை பின்னுவது ராத்தாதான், அவன் இல்லையாம். மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் உங்கள் கொப்பியைக் கொண்டு வாருங்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள்: உங்கட ஆள் என்னத்துக்கு அங்க போறான்?