கணக்கு வணிகரின் பெயரிலேயே இருக்க வேண்டும்: முகிற்கணிமை தொடர்பான சங்கத்தின் நிலைப்பாடு

கண்டி நகரிலும் சுற்றயலிலும் தொழில் செய்யும் சிறு, நடுத்தர வணிகர்களைக் கொண்ட இச்சங்கம், முகிற்கணிமை குறித்து அங்கத்தவர்களிடையே நீடிக்கும் கருத்து வேறுபாட்டைக் கவனத்திற்கொண்டு இவ்வறிக்கையை வெளியிடுகிறது. கணக்கேடு, பில், இருப்புப் பட்டியல், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கடைக் கணினியில் வைக்காமல், வேறொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் வாடகைக்கு வைத்து இணையத்தின் வழியே கையாளும் முறையே முகிற்கணிமை. பேச்சில் இது கிளவுட் எனப்படுகிறது. அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் ஆகியவை மும்பாய், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் பெரும் தரவு மையங்களை நடத்துவதால், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் போடப்படும் பில் கடல் கடந்து பதிவாவது இன்று சாதாரணம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கி, மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்ட நாட்களில் நேர்ந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இணைப்பு இல்லாத கடையில் யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைக்கூடப் பார்க்க முடியாது. வெள்ளம் புகுந்த கடையிலோ மேசைக்கடியில் இருந்த கணினியோடு கணக்குகளும் சேற்றில் போய்விடும். கிளவுட்டை எதிர்ப்போர், ஏற்போர் என இரு தரப்பினரின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. எனவே கிளவுட்டைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கையை இச்சங்கம் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் அதிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பதையும், தற்போதைய நிலையில், பரிந்துரைக்கவில்லை. வெளிநாட்டு மையமா, உள்நாட்டு மையமா என்ற வினாவில் செயற்குழு ஒருமித்த முடிவுக்கு வராததால், அது அவரவர் தொழிலின் தேவைக்கு விடப்படுகிறது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதில் மட்டும் செயற்குழுவில் இரண்டு கருத்து இல்லை. கடைக்கோ விருந்தினர் விடுதிக்கோ மென்பொருளைப் பொருத்திக் கொடுக்க வருபவர், தம் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் கணக்கைத் திறக்கிறார். இணையத்தள முகவரியைத் தம் பெயரிலேயே பதிகிறார். உள்நுழையும்போது வரும் சரிபார்ப்பு இலக்கம் அவருடைய கைத்தொலைபேசிக்கே போகிறது. மாதந்தோறும் பணம் கட்டுபவர் வணிகர். ஆனால் கிளவுட் நிறுவனத்தின் பதிவேட்டில் வணிகரின் பெயரே இல்லை. கட்டணத் தகராறு ஒன்று எழுந்தால், அல்லது பொருத்தியவர் தொழிலை விட்டு வெளிநாடு சென்றால், பத்து ஆண்டுக் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் அவரோடு போய்விடுகின்றன. எசல பெரஹராவுக்கு முந்திய வாரங்களில் முன்பதிவு மின்னஞ்சலைத் திறக்க முடியாத விடுதி உரிமையாளர், தம் சொந்த வாடிக்கையாளரின் கடிதத்தைப் படிக்க இன்னொருவரிடம் கெஞ்சி நிற்க வேண்டியதாகிறது. தெரியாத்தனத்தால் இப்படிச் செய்பவர்களும் இருக்கலாம் என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆயினும் கேட்ட பின்பும் கடவுச்சொல்லைக் கையளிக்க மறுத்து, அதற்கெனத் தனிக் கட்டணம் கோருவது பிறர் சொத்தைப் பிடித்துவைத்துப் பணம் பறிக்கும் செயலாகும். அதற்குச் சேவை என்ற பெயர் பொருந்தாது.

காப்புப் பிரதி, அதாவது மூலத்திலிருந்து விலக்கி வேறிடத்தில் வைக்கும் நகல், இதனோடு ஒட்டிய விடயம். கிளவுட்டில் இருந்தால் தொலையாது என்று விற்பனைக்கு வருபவர்கள் சொல்லும் உறுதிமொழி ஆதாரமற்றது. பயனர் தம் தரவை ஒழுங்காக நகலெடுத்து வைக்க வேண்டும் என்று மைக்ரோசொப்ட்டின் சேவை உடன்படிக்கையே பரிந்துரைக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் கட்டமைப்பைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அக்காலத்துக்குரிய பயன்படத்தக்க நகல் இல்லாமையால், மீட்க முடியாமற் போயின. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். பழைய மென்பொருட் பதிப்பு உரிய காலத்தில் மாற்றப்படாதிருந்ததும் அப்போது வெளிவந்தது. தன் அமைச்சரவையின் கடிதங்களுக்கே நகல் வைத்திராத அரசு, வணிகர்களை டிஜிட்டல் மயமாகும்படி மேடைதோறும் வலியுறுத்துவதற்கு முன், அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மாறாக, 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யுனிசூப்பரின் கட்டமைப்பு கூகுள் தரப்பின் பிழையால் இரண்டு இடங்களிலும் ஒருசேர அழிந்தபோது, வேறொரு நிறுவனத்திடமும் நகல் இருந்தமை அது மீண்டெழ உதவியது.

செலவைப் பொறுத்தவரை, டொலரில் செலுத்தும் கட்டணம் 2022இல் ரூபாயின் வீழ்ச்சியோடு எவ்வாறு ஏறியது என்பதை அங்கத்தவர்கள் அறிவர். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகள் மீதான 18 வீதப் பெறுமதி சேர் வரி, 2025 ஒக்டோபரிலிருந்து 2026 ஏப்ரலுக்குப் பிற்போடப்பட்டது. அவ்வரிக்குப் பதிவு பெறாத சிறு வணிகருக்கு அதைக் கழித்துக்கொள்ளும் வழியில்லை என்ற நிலை மீளாய்வு செய்யப்பட வேண்டும். சட்டப் பொறுப்பும் உண்டு: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் வாடிக்கையாளருக்கான பொறுப்பு வணிகரை விட்டு நீங்காது.

ஆகவே, பிரதான நிர்வாகக் கணக்கும் இணையத்தள முகவரியும் வணிகரின் பெயரில் பதியப்படுவதையும், தரவு முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் கட்டணமின்றிக் கையளிப்பதையும் எழுத்தில் ஏற்காத எந்த விற்பனையாளரையும் இச்சங்கம் அங்கத்தவர்களுக்குப் பரிந்துரைக்காது. ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தங்களை, இயன்றவரை, அடுத்த புதுப்பித்தலுக்கு முன் திருத்திக்கொள்ளுமாறும், மாதம் ஒருமுறை கணக்கேட்டின் நகலை இணையத்தில் இணைக்கப்படாத வன்தட்டில் எடுத்து, கடைக்கு வெளியே மேட்டு நிலத்திலுள்ள வேறொரு கட்டடத்தில் வைக்குமாறும் அங்கத்தவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.