மணிமேகலைக்கு ஒரு படகு இருந்திருந்தால்...



போன மாதம் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் எங்கள் வகுப்புப் பெண்கள் ஒரே சத்தமாகச் சண்டை போட்டோமே, அது எதுக்கு என்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் பல பேர் கேட்டீர்கள். தட்டு கழுவுற இடத்துக்காக இல்லை. "பொன்னியின் செல்வன்" கதைக்காகத்தான். சத்தம் கேட்டு வந்த தமிழ் ஐயா, "கத்தினது போதும். சொல்ல வேண்டியத எழுதிக் குடு, சுவர்ல ஒட்டுறேன்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தன் பத்திரிகையில் வாரா வாரம் எழுதிய தொடர்கதை இது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகம். கதை நம்ம ஊர்ப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். அன்று ராத்திரி அவன் தங்குகிற கடம்பூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிற நம்ம மேலக்கடம்பூர்தான் என்று சொல்கிறார்கள். அந்தக் கடம்பூர் அரண்மனைப் பெண்தான் மணிமேகலை. சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. ஆகவே அவள் நம்ம பக்கத்துப் பெண். (முடிவையும் சொல்லப் போகிறேன். தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் பக்கத்துத் தாளில் இருக்கும் விடுகதைகளைப் படிக்கலாம்!)

நான் ஏழாம் வகுப்பில் ஒரு தடவை படித்தேன். இந்தக் காலாண்டு விடுமுறையில் ஊர்ப்புற நூலகத்தில் எடுத்து மறுபடியும் படித்தேன். வகுப்பில் இன்னும் மூணு பேர் படித்து முடித்திருந்தார்கள். அப்போது வந்த கேள்வி இதுதான்: ஐந்து பாகத்திலும் ரொம்ப வளர்ந்தது யார்? ஆரம்பத்தில் ஒரு மாதிரி இருந்து, கடைசியில் வேறு ஆளாக ஆனது யார்?

ஒருத்தி வந்தியத்தேவன் என்றாள். வாய்த்துடுக்கோடு ஊர் சுற்றியவன் கடைசியில் பொறுப்பானவன் ஆகிறான் என்பது அவள் கட்சி. இன்னொருத்தி வானதி என்றாள். எதற்கெடுத்தாலும் மயக்கம் போட்டு விழுகிற பெண், கடைசியில் சிம்மாசனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் எடுக்கிறாளே, அது சும்மாவா என்று கேட்டாள். மூன்றாமவள் பெரிய பழுவேட்டரையர் என்றாள். உடம்பில் அறுபத்து நாலு போர்க்காயம் வாங்கிய அந்தத் தாத்தா, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ராத்திரியில் சதிகாரர்கள் பேசுவதைத் தன் காதாலேயே கேட்டு, தான் ஏமாந்ததைத் தெரிந்துகொள்கிறார். அந்த வயசில் தன் தப்பை ஒத்துக்கொள்வதுதான் பெரிய மாற்றம் என்றாள்.

நான் மணிமேகலை என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "அவ கடைசில பைத்தியமால்ல ஆயிடுறா! அது வளர்ச்சியாடி?" என்று கேட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், ஏழாம் வகுப்பில் நானும் சிரித்தவள்தான். மணிமேகலை வந்தாலே பக்கத்தைத் தள்ளிவிட்டு, பூங்குழலி எங்கே வருகிறாள் என்று தேடுவேன். இவள் ஒரு வெகுளி, இவளால் கதைக்கு என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கந்தமாறன் முதலில் தன் சிநேகிதன் வந்தியத்தேவனைப் பற்றித் தங்கையிடம் ஓயாமல் புகழ்கிறான். அவள் மனசில் ஆசையை வைத்ததே அவன்தான். அப்புறம் அவனே, அவனை மறந்துவிடு, மதுராந்தகருக்கு உன்னைக் கொடுக்கப் போகிறோம் என்கிறான். பிறகு அதுவும் மாறி, ஆதித்த கரிகாலருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வருகிறது. நடுவில் ஒரு தடவையாவது "உனக்கு என்னம்மா இஷ்டம்?" என்று யாராவது ஆசையோடு கேட்கிறார்களா, தேடிப் பாருங்கள். கந்தமாறன் கெட்டவன் இல்லை. தங்கை மேல் அவனுக்கு உயிர். நல்ல இடத்தில் வாழ வேண்டும் என்றுதான் நினைக்கிறான். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அப்படி வளர்ந்த பெண் என்ன செய்கிறாள்? வேட்டை மண்டபத்தில் வந்தியத்தேவனைப் பார்த்ததும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள். கரிகாலர் இறந்து, பழி அவன் மேல் விழுந்ததும், கொன்றது நான்தான் என்று சொல்லத் துணிகிறாள். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லத் தெரியாதவள், கொலைப்பழியைத் தானே ஏற்கத் தயாராகிறாள். முதல் பாகத்தில் இருந்த மணிமேகலையா இது? இதை வளர்ச்சி இல்லை என்று யார் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்து கதையில் வேறு யாரும் இவ்வளவு கொஞ்ச நாளில் இவ்வளவு தூரம் வரவில்லை.

அப்புறம் ஏன் அவளுக்கு மட்டும் அந்த முடிவு? விடுமுறை முழுக்க இதையே யோசித்தேன். ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது பதில் கிடைத்தது.

பூங்குழலிக்கு ஒரு படகு இருக்கிறது. நினைத்தால் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் போவாள், புயல் கடலில் இரண்டு ஆண்பிள்ளைகளைக் காப்பாற்றுவாள். குந்தவையிடம் ஓலையும் எழுத்தாணியும் இருக்கிறது. பழையாறையில் இருந்துகொண்டே இலங்கைக்குச் செய்தி அனுப்புவாள். நந்தினியிடம் பனை முத்திரை மோதிரம் இருக்கிறது. அதைக் காட்டினால் கோட்டைக் கதவு திறக்கும். வானதிக்கு எதுவும் இல்லாவிட்டாலும் கைபிடித்துக் கூட்டிப் போகக் குந்தவை அக்கா இருக்கிறாள்.

மணிமேகலைக்கு என்ன இருக்கிறது? ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் சுரங்க வழிகூட இருக்கிறது. அதில் வந்தியத்தேவன் வருகிறான், சதிகாரர்கள் வந்து போகிறார்கள். அவள் வெளியே போக மட்டும் அது உதவவில்லை. தைரியம் பூங்குழலிக்கு இருந்த அளவு இவளுக்கும் இருந்தது. படகுதான் இல்லை. போக வழி இல்லாத தைரியம் உள்ளேயே சுற்றிச் சுற்றி, வந்தியத்தேவன் செத்துவிட்டான் என்று நம்பியதும் அவள் புத்தியையே கலக்கிவிட்டது. இதுதான் என் கருத்து.

இதை எழுதும்போது எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வருகிறது. பேரும் தெருவும் எழுத மாட்டேன். எனக்கு முதல் பாகத்தைத் தன் நூலக அட்டையில் எடுத்துக் கொடுத்ததே அந்த அக்காதான். "நான்தான்டி பூங்குழலி" என்று சொல்லும். பத்தாவது படிக்கும்போது, பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே நிச்சயம் பண்ணிவிட்டார்கள். "நல்ல எடம், விட்டா கிடைக்காது" என்று சொன்னார்கள். கந்தமாறன் சொன்ன மாதிரியேதான். நாங்கள் எல்லாரும் புதுப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு போய் கேசரி சாப்பிட்டு வந்தோம். அக்கா முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகமே இல்லை. கேசரியில் முந்திரி இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் புத்தகத்தில் மணிமேகலையின் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போன மாதிரிதான் இதுவும்.

இந்த ஆடிக்கு அக்கா ஊருக்கு வந்தப்போ குழாயடியில் பார்த்தேன். "இப்ப என்ன பாடம்டி நடக்குது?" என்றுதான் முதலில் கேட்டது. எனக்குப் பதில் சொல்ல வாயே வரவில்லை.

பெண்ணுக்கு பதினெட்டு வயசு நிறையாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பேசலாம். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.

என் தோழி ஒருத்தி, "கல்கிதானே அவளைச் சாகடிச்சாரு, அவர்மேல கோவப்படு" என்றாள். நான் கோபப்பட மாட்டேன். அருள்மொழிவர்மர் கிடைத்த கிரீடத்தையே விட்டுக்கொடுக்கிறார். அவ்வளவு பெரிய தியாகம் செய்தவரின் பேரில் உள்ள கதையில், கடைசி அத்தியாயத்தைக் கல்கி யாருக்குக் கொடுத்தார்? மணிமேகலைக்கு. "மலர் உதிர்ந்தது" என்று அதற்குப் பேர். வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போவதோடுதான் ஐந்து பாகமும் முடிகிறது. அதாவது, எல்லாரும் மறந்துவிட்ட பெண்ணைக் கடைசியாகப் பார்த்துவிட்டுத்தான் நாம் புத்தகத்தை மூட வேண்டும். ஆனால் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த படத்தில் மணிமேகலையே இல்லை! படம் பெரிசாக இருந்தது, குதிரை எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு மட்டும் நம்ம பக்கத்துப் பெண்ணை விட்டுவிட்டார்களே என்றுதான் இருந்தது.

என் தோழிகள் சொன்னதையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. முக்கியமாகப் பெரிய பழுவேட்டரையர் விஷயம். அத்தனை வயசில், அத்தனை அதிகாரத்தில் இருந்தவர் ஒரே ராத்திரியில் தன் தப்பை உணர்ந்தார் என்றால், நம்ம வீட்டு அப்பா, அண்ணன், தாத்தாக்களும் உணர மாட்டார்களா? இந்த ஒரு விஷயத்தில் அவள் கட்சியும் என் கட்சியும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று வகுப்பு டீச்சர் சொன்னார்கள். பொங்கலுக்கு அக்கா வரும்போது இதைச் சொல்லப் போகிறேன். அக்கா எழுதுமா, வீட்டில் விடுவார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை பக்கத்தைத் தள்ள மாட்டேன்.

நமக்கெல்லாம் படகு என்பது இந்தப் பள்ளிக்கூடம்தான். காலையில் மணி அடித்தால் உள்ளே வருகிறோமே, அதுதான். கரையில் நிற்கிற யாரையாவது பார்த்தால் கை கொடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மாதத் தாளில் தாராளமாக எழுதலாம். வேப்பமரத்தடியில் கத்த வேண்டாம், ஐயா திட்டுவார்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி