பயனாளி கேள்வி கேட்கக் கூடாதா?



'திட்ட மதிப்பீடு' என்று ஒரு படிப்பு இருக்கிறது. அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ ஒரு திட்டம் கொண்டு வந்தால், அதனால் நிஜமாகவே பலன் உண்டா என்று அளந்து பார்ப்பதுதான் அதன் வேலை. இதில் ஆராய்ச்சி செய்யும் மேல்படிப்பு மாணவர்கள் வெளிநாடுகளில் தாங்களே மாநாடு நடத்துகிறார்கள். கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நாற்காலி போடுவது வரை அவர்கள்தான். 1986-ல் உருவான அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கத்தில் மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் என்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. அரைகுறையாக நிற்கும் ஆராய்ச்சியையும் அங்கே கொண்டு போகலாம். "உன் கணக்கு இங்க இடிக்குதே" என்று சக மாணவனே சொல்லுவான்.

நம்ம ஊர் சிம்போசியம்? வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடியும் பொன்னாடை. கேள்வி நேரம் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், சத்துணவு, சைக்கிள், பஸ் பாஸ் என்று எல்லாப் பட்டியலிலும் என் பெயர் உண்டு. எங்க அப்பா கைநாட்டு. வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இந்தத் திட்டங்கள் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வியே இதுதான். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது வெறும் ஸ்டாக் ரிஜிஸ்தர்.

2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து, 2019-ல் எடுத்த அளவோடு ஒப்பிட்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியதில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் என்று கணக்கிட்டார்கள். முழுப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுக்காமல் பிரித்துச் சொன்னார்கள் பாருங்கள், அது நேர்மை. ஆனால் என் தங்கச்சிக்கு வேறொரு கேள்வி இருந்தது: "சொல்லிக் கொடுத்த அக்கா கல்யாணமாகிப் போனதும் நம்ம தெருவுல ஏன் கிளாஸ் நின்னுச்சு?" இதை நாம் கேட்காமல் யார் கேட்பார்கள்?

டிப்ளமோக்காரனுக்கு ஆராய்ச்சி எதுக்கு என்பார்கள். சர்வே பிராக்டிக்கலில் லெவல் எடுத்து முடித்து, ஆரம்பித்த பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து வித்தியாசம் பார்க்கிறோமே, அதே புத்திதான் இதற்கும் வேண்டும்.

சங்கத்துக்கு என் யோசனை: அடுத்த சிம்போசியத்தில் அரை நாள் மேடையில்லாமல், பொன்னாடையில்லாமல் நடக்கட்டும். துறைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு திட்டம். பஸ் பாஸ் கையில் இருந்தும் முதல் பீரியடுக்கு வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே ஆரம்பிக்கலாம். எங்க ரூட் பஸ்ஸை நான் எண்ணித் தருகிறேன்.