பூட்டிய பீரோவில் எங்கள் ஜில்லாக் கதை

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். என் மகள் உங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் வாசிக்கச் சொல்லித் தமிழாசிரியர் கொடுத்த பட்டியலில் ‘எரியும் பனிக்காடு’ மீது நீல மையில் கோடு விழுந்திருக்கிறது. நூலகப் பிரதி உங்கள் அறை பீரோவுக்குப் போய்விட்டது. கேட்டால், “சாதிப் பிரச்சினை வரும், சில பெற்றோர் புகார் சொல்கிறார்கள்” என்றீர்கள். அதற்கு மேல் பேச உங்களுக்கு நேரமில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவல் அது. இரா. முருகவேள் தமிழில் தந்தார். மயிலோடைக் கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். வருஷக் கணக்கு பார்க்கிற நாளில் கடன் மட்டும் தீர்ந்தபாடில்லை. காய்ச்சலில் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் மறுபடியும் கொழுந்து கிள்ளப் போகவேண்டியதுதான். அடிமை முறை செல்லாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு எண்பது வருஷம் கழித்தும் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து ஆட்களை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்பதைப் பிள்ளைகள் வேறு எங்கே படிப்பார்கள்?

மகள் பாதி படித்திருந்தபோது புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அன்று ராத்திரி தறிப் பக்கம் வந்து நின்று, “கூட்டிட்டுப் போறவன் வெள்ளைக்காரன் இல்லையேப்பா, நம்ம ஆளுதானே?” என்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை. மறுபடி கத்திக் கேட்டாள். தறியை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் மனம் நோகும் என்பது உங்கள் வாதம். அதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் 2018-இல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளை இழிவுபடுத்தும் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நியாயம்தான். ஆனால் அவர்கள் நூலகத்தில் புத்தகத்தை விட்டுவைத்தார்கள். நீங்கள் பூட்டுப் போட்டுவிட்டீர்கள். அதுவும் இந்த நாவலில் கருப்பன் தலைகுனிய ஒன்றுமே இல்லை. குனியவேண்டியவர்கள் பொய் சொல்லி ஆள் பிடித்த மேஸ்திரியும், பெண்கள் மேல் கைவைத்த துரைமாரும். புகார் சொன்னவர்களுக்கு இதில் எந்த இடம் சுட்டது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா ஐயா?

நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவனை வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியர்களுக்கு இருக்கும் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் 2022 செப்டம்பரில் நம் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தாழ்த்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார்களே, அந்த வீடியோவை நீங்களும்தான் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சாதியைச் சொல்லிக்கொடுத்தது எந்த நாவல்? கடையிலும் தெருவிலும் தெரிந்துகொண்டதைப் பற்றி ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு பேச வகுப்பறை ஒன்றுதான் இருந்தது. அதையும் அடைத்தால் மிச்சம் சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற கலர் கயிறுதான்.

இந்த நாவலைத் தழுவித்தான் 2013-இல் ‘பரதேசி’ என்று படமாக எடுத்தார்கள். குடும்பத்தோடு பார்த்தோம். எங்கள் தெருவில் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

“நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே 2020-இல் ஒரு மாணவர் அமைப்பு புகார் சொன்னதும் அருந்ததி ராய் புத்தகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துட்டாங்க, பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லுவானேன்?” என்றார் நண்பர் ஒருவர். அவர்கள் செய்ததும் தப்பு என்றுதான் சொன்னேன்.

பதினாறு வயதுக்குக் கனமான பக்கங்கள் ‘எரியும் பனிக்காடு’ நாவலில் உண்டு. எதை வகுப்பில் படிப்பது, எதை விடுவது என்று தமிழாசிரியருக்குத் தெரியும், அவரிடம் விடுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பேச ஏற்பாடு செய்யுங்கள். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். புகார் சொன்னவர்களும் வரட்டும். பீரோச் சாவியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்