கிருமியை வேலை வாங்கலாமா?

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2020-ம் ஆண்டில் பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸின் கூட்டைக் கொண்டு விஞ்ஞானிகள் மனித ஜீன்களை ஊமையாக்குகிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"இது விபரீதம், தடை செய்ய வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. தடுக்கக் கூடாது. கட்டுக்காவலோடு நடக்க விட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பியூஸைப் பிடுங்கிப் பார்!

ஒரு பெரிய வீடு. சுவரில் வரிசையாகப் பியூஸ் கட்டைகள். எது எந்த விளக்குக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றைப் பிடுங்க வேண்டும். எந்த விளக்கு அணைகிறது என்று பார்க்க வேண்டும்.

மனிதனுக்குச் சுமார் 20 ஆயிரம் ஜீன்கள் இருக்கின்றன. ஜீன் என்பது தாய் தந்தையிடமிருந்து நமக்கு வரும் கட்டளை. ரத்தம் எப்படி ஊற வேண்டும், தலைமுடி எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எந்த ஜீனுக்கு என்ன வேலை? ஒன்றை ஊமையாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜீன் தன் கட்டளையை ஒரு நகல் சீட்டாக எழுதி அனுப்புகிறது. அந்தச் சீட்டுக்குச் சரியாகப் பொருந்தும் சிறு துண்டு ஒன்று உயிரணுவுக்குள் போய்விட்டால், உயிரணுவே சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். ஜீன் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதன் பேச்சுதான் எடுபடாது. இந்த விந்தையை 1998-ல் புழுக்களில் காட்டிய ஆண்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ என்ற அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அந்தத் துண்டை உள்ளே கொண்டுபோவது யார்? இங்கேதான் வைரஸ் வருகிறது. உயிரணுவுக்குள் நுழைவதில் அதை மிஞ்ச ஆளில்லை. எய்ட்ஸ் வைரஸ் இன்னும் கெட்டிக்காரத் திருடன். தன் சரக்கை நம் ஜீன்களோடு சேர்த்தே ஒட்டிவிடும். விஞ்ஞானிகள் அதன் நோய் தரும் பாகங்களை எடுத்துவிட்டார்கள். பெருகும் சக்தியையும் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சிய கூட்டில் தங்கள் சரக்கை ஏற்றி அனுப்புகிறார்கள். அது ஒரு முறை நுழையும். அதோடு சரி. குட்டி போடாது.

வாயை அடைத்தவனின் வாயை அடைத்தார்கள்

இதனால் ஏழைக்கு என்ன லாபம்? ஒரு கதை சொல்கிறேன்.

அரிவாள் அணு நோய் என்று ஒரு ரத்த நோய் உண்டு. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் வலி தாங்காமல் துடிப்பார்கள். ஆனால் பிறந்த சில மாதம் வரை குழந்தைக்கு ஒன்றும் செய்வதில்லை! 1948-ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற பெண் டாக்டர் இதைக் கவனித்தார். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு வேறு வகை ஹீமோகுளோபின். அதில் இந்தக் கோளாறு கிடையாது. பிறந்த பிறகு அது நின்று, பெரியவர்களுக்கான வகை வருகிறது. கோளாறும் கூடவே வருகிறது.

சிசு வகையை நிறுத்துவது யார்? 60 ஆண்டுகள் கழித்து, 2008-ல், பாஸ்டன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் குழுவினர் பதில் கண்டார்கள். மனித ரத்த அணுக்களை ஆராய்ச்சிசாலையில் வளர்த்து, பி.சி.எல். 11 ஏ என்ற ஜீனை ஊமையாக்கினார்கள். சிசு வகை ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்கியது!

அதன் பிறகு பாஸ்டன் டாக்டர்கள், நோயாளிகளின் ரத்தம் ஊறும் அணுக்களை வெளியே எடுத்து, வைரஸ் கூட்டின் உதவியால் அதே ஜீனை அடக்கி, திரும்ப உடலில் செலுத்தினார்கள். முதல் 6 நோயாளிகளின் விவரம் 2021-ல் வெளிவந்தது. ஆறு பேருக்கும் சிசு வகை உயர்ந்திருந்தது.

பயம் வீண் பயமா?

இல்லை. பயப்படுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பாரிஸில், எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு எலி வைரஸ் ஒன்றின் மூலம் நல்ல ஜீனைக் கொடுத்தார்கள். குழந்தைகள் தேறினார்கள். ஆனால் 2002 முதல் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. வைரஸ் தன் சரக்கைப் புற்றுநோயைத் தூண்டும் ஜீனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

பிற்பாடு கூடுகளைத் திருத்தினார்கள். ஆபத்து குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. ஆகவேதான் ஆராய்ச்சிசாலை வேலையை அவசரப்படுத்தக் கூடாது என்கிறேன். கண்ணாடித் தட்டில் தவறு நடந்தால், தட்டை நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடலாம். குழந்தையின் உடம்பில் நடந்தால்? தட்டில் பத்து ஆண்டு ஆனாலும் ஆகட்டும். அந்தச் செலவுக்குச் சர்க்கார் கணக்குப் பார்க்கக் கூடாது.

எனக்குள்ள கோபம் வேறு. 2023-ல் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸ் இல்லாமல் வேறு வழியில் அதே ஜீனை அடக்குகிறது. விலை என்ன தெரியுமா? ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல்!

இந்த நோய் நமக்குத் தூரமானது அல்ல. 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, இந்தக் கோளாறு அவர்களிடம் இருப்பதை லேமன், கட்பஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நோய் போகவில்லை. வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. 18 கோடி ரூபாய்க்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இங்கேயே செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு இதே வகை வைரஸ் கூட்டில் ஜீனை ஏற்றிக் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் ரத்தப்போக்கு நின்றது என்று 2024-ல் அறிவித்தார்கள். வண்டி வேலூர் வரை வந்துவிட்டது. அதில் அரிவாள் அணு நோய்க்கான சரக்கையும் ஏற்றப் பணம் ஒதுக்க வேண்டும். கூடலூரிலிருந்து வேலூர் ஓர் இரவுப் பயணம்தான்.