முதலில் சக்கர நாற்காலி, பிறகு கருணைக்கொலை

பனையால விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ, ஷெல் பட்டோ முள்ளந்தண்டு முறிந்து ஒருவர் படுத்துவிட்டால், வேலணையில் பார்க்க வருகிற சனம் சொல்வது ஒன்றுதான்: "உப்பிடிக் கிடந்து அழுந்திறதிலும் பாக்க, கடவுள் கூப்பிட்டால் நல்லம்." அதுவும் அவருடைய காதுபடவே. எங்கள் வயதுக்காரர் அதையே கொஞ்சம் நாகரிகமாக, "கருணைக்கொலைக்குச் சட்டம் வேணும், அது தனிமனித உரிமை" எண்டு சொல்லுகினம். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

சமயம் சொல்லி மறுக்கவில்லை. 'உயிர் கடவுள் தந்தது, வலியைப் பொறு' என்பவர்களோடும் எங்களுக்கு ஒத்துவராது. வேண்டாத சிகிச்சையை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்றது சரியே. ஆனால் சாகும் நிலையில் இல்லாத ஒருவருக்கு, உடல் இயங்கவில்லை என்பதற்காகச் சாக உதவுவது வேறு விஷயம்.

எங்கடை சொந்தங்கள் நிறைந்த கனடாவைப் பாருங்கோ. 2016இல் சட்டம் வந்தபோது அது சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும்தான். 2021இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளே இருந்தன. ஒழுங்கான வீடும் பராமரிப்பும் கிடைக்காத ஒருவருக்குச் சாவை மட்டும் கொடுப்பது என்ன தெரிவு என்பதே அவர்களின் வாதம். 2025இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் அந்த விரிவாக்கத்தை நீக்கச் சொன்னது.

"அப்ப ரமோன் சம்பேத்ரோ?" எண்டு கேப்பியள். நியாயமான கேள்வி. ஸ்பெயினில் 25 வயதில் கடலில் குதித்துக் கழுத்து முறிந்தவர். குடும்பம் அவரைத் தாங்கியது. ஆனாலும் சாகும் உரிமைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கி, 1998இல் பிறர் உதவியோடு இறந்தார். அவருக்குப் புத்தி சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் கவனிப்புக் கிடைத்த பிறகும் அவர் கேட்டார். இங்கே எத்தனை பேருக்கு அது கிடைக்குது?

கழுத்துக்குக் கீழே இயங்காதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவிரவாகப் புரட்டுவது அம்மா, அல்லது மனிசி. ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு முறையும் ஓட்டோக் காசு. குறிகட்டுவானில் சக்கர நாற்காலியோடு ஒருவர் தானாக வள்ளம் ஏறேலாது. இத்தனைக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட நாடு.

இந்த நிலையில் ஒருவர் "எனக்குச் சாவு வேணும்" எண்டால், அது அவருடைய விருப்பமா, அம்மாவின் நாரிநோவைப் பார்த்து எடுத்த முடிவா? இரண்டையும் பிரித்தறிய எந்த டொக்டராலும் ஏலாது.

ஆகவே எங்கள் கோரிக்கை வேறு. வீட்டுக்கு வரும் தாதி, காற்று மெத்தை, பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் சாய்தளம், பராமரிக்கிறவருக்கு மாதக் கொடுப்பனவு. இதுகளை முதலில் தரட்டும். பிறகு கட்டிலில் படுத்திருப்பவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அந்தச் சட்டத்தைப் பற்றிக் கதைப்பம்.