வீட்டுக்கு வந்த கடனை வீடே அடைக்க வேண்டும்



தோட்டத்துக்குத் தோட்டம் நாங்கள் கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "நீ எடுத்த லோன், நீயே கட்டிக்க." தவணை வாங்க வந்தவர் லயத்து வாசலில் நிற்கும்போது கணவன் மனைவிக்குச் சொல்வது இது. சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுகிறார். காலையிலிருந்து கொழுந்து பறித்துக் களைத்து வந்த பெண், தனியாக நின்று பதில் சொல்கிறாள்.

இந்தப் பேச்சை நாங்கள் எதிர்க்கிறோம். எங்கள் சங்கத்து ஆண்கள் பேசினாலும் எதிர்க்கிறோம்.

அந்தக் காசு எங்கே போனது? ஒழுகிய கூரைக்குத் தகரமாகப் போனது. மகனின் உயர்தர வகுப்புக்கும், மகளின் சடங்குக்கும், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போனது. மழைக் காலத்தில் வேலை நாள் குறைந்த மாதம் அரிசிக்கும் மாவுக்கும் போனது. தகரத்தின் கீழே படுத்து உறங்கும்போது அது நம்முடைய வீடு. தவணை கேட்டு ஆள் வரும்போது மட்டும் அது அவளுடைய லோனா?

இன்னொன்றையும் பாருங்கள். கணவன் கடையில் வைத்த கணக்கும், தவறணையில் வைத்த பாக்கியும் சம்பள நாளில் வீட்டுக் காசிலிருந்தே போகின்றன. "நீங்க வச்ச கணக்கு, நீங்களே கட்டுங்க" என்று எத்தனை பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்? ஆணின் கடன் குடும்பக் கடன், பெண்ணின் கடன் பெண்ணின் குற்றம் என்பது என்ன நியாயம்?

"எனக்குத் தெரியாமத்தானே எடுத்தா" என்பார்கள். தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்களும் இப்படிப் பேசுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். அது போகட்டும். மறைத்தது பிழைதான். ஆனால் ஏன் மறைத்தாள்? சொன்னால் அடி விழும் என்று பயந்தவள் மறைப்பாள். கேட்டால் காசு இல்லை என்றே பதில் வரும் வீட்டிலும் மறைப்பாள். பயத்தில் முதல் லோனை மறைத்தவள், அதை அடைக்க இரண்டாவது எடுக்கிறாள், இரண்டாவதை அடைக்க மூன்றாவது எடுக்கிறாள். கடன் வளர்வது வட்டியால் மட்டுமல்ல, வீட்டுக்குள் இருக்கும் மௌனத்தாலும்தான்.

கம்பனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். குழுவாகச் சேர்த்துப் பெண்களுக்கே கொடுக்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்துக் காம்பிராக்காரியையே அறவீட்டுக்காரியாக்கும் தந்திரம் இது.

கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாய் லோன், கிழமைக்கு 1,500 ரூபாய், 52 கிழமை என்று வைப்போம். மொத்தம் 78,000. "வட்டி நூற்றுக்கு 30தான்" என்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 60,000க்கும் போடப்படுகிறது. நம் கையில் உண்மையாக இருந்த காசுக்குப் பார்த்தால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு 50க்கும் மேல். 2024இல் போராடிப் பெற்ற அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் கிழமைக்கு ஒரு முழுப் பேருக்கு மேல் அப்படியான ஒரு லோனுக்கே போனது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைக் கட்ட இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் இடம் மாற முடியும். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. நூறு வருடம் கழித்து, தவணைப் புத்தகம் என்ற பெயரில் அது நம் பெண்களின் கைப்பையில் திரும்பி வந்திருக்கிறது. அன்று கங்காணியைக் குறை சொன்னோம். இன்று மனைவியையா குறை சொல்வது?

ஆகவே கணவன்மாருக்குச் சொல்கிறோம். இன்று இரவே மனைவியோடு உட்காருங்கள். முதல் வார்த்தை திட்டாக இருக்கக் கூடாது. ஒரு கொப்பி எடுத்து எல்லாக் கடனையும் எழுதுங்கள்: அவளுடைய லோன், அடகு நகை, சீட்டு, உங்கள் கடைக் கணக்கு, தவறணைப் பாக்கி. யாருக்கு எவ்வளவு, எந்த நாளில், என்ன வட்டி என்று எழுதுங்கள். வட்டி கூடியதை முதலில் அடைக்கப் பாருங்கள். பழையதை அடைக்கப் புதிய லோன் எடுப்பதில்லை என்று இருவரும் முடிவெடுங்கள். சம்பளம் வந்த அன்றே தவணைக் காசை ஒதுக்கி வையுங்கள். தவறணைக்குப் போகும் காசிலிருந்து முதல் வெட்டு விழட்டும்.

தவணை நாளில் அவளோடு நீங்களும் போய் நில்லுங்கள். கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கட்ட முடியாத மாதம் ஒளியாமல், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். கடன் கட்ட முடியாமல் போவது சிறைக் குற்றம் அல்ல. பொலிஸைக் காட்டிப் பயமுறுத்தினாலோ, இரவில் வந்து அமர்ந்தாலோ, தகாத வார்த்தை பேசினாலோ, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதியற்றவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

தோழியருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லுங்கள். அவர் கூட வந்து உங்கள் கணவரிடம் பேசுவார். கடனுக்காக உயிரை விடும் நினைப்பு வந்தால், அந்த நேரமே பக்கத்துக் காம்பிராவின் கதவைத் தட்டுங்கள். காசை எப்படியும் அடைக்கலாம்.

எங்கள் பிழையையும் ஒத்துக்கொள்கிறோம். பிரட்டுக் களத்தில் சம்பளத்துக்காகக் குரல் கொடுத்தோம். அந்தச் சம்பளம் வீட்டுக்குப் போகும் முன்பே தவணையாகக் கரைவதை "குடும்பப் பிரச்சினை" என்று தள்ளிவிட்டோம். அப்படித் தள்ளியது பிழை. இனி மாதாந்தக் கூட்டத்தில் கடன் கொப்பியும் மேசைக்கு வர வேண்டும். தோட்டத் தலைவர்மார் முதலில் தங்கள் வீட்டுக் கொப்பியைத் திறக்கட்டும்.

நிர்வாகத்தின் முன்னால் ஒற்றுமை பேசுகிறோம். அந்த ஒற்றுமை நம் காம்பிராவுக்குள் இல்லாவிட்டால் வெளியே பேசி என்ன பயன்? அடுத்த தவணை நாளில் தவணைக்காரர் வந்து நிற்கும்போது, வாசலில் இரண்டு பேர் நிற்க வேண்டும்.